கணுக்காலிகளும் அவற்றின் இனப்பிரிவும்

வயலில் ஊர்வன, பறப்பன யாவற்றையும் ‘பூச்சி’ என்னும் ஒரே சொல்லால் வழங்குவது நமது குடியானவர்களின் வழக்கம். பேச்சளவில் இதனால் தீங்கில்லை. மருந்து தெளிக்கக் கருதும்போதோ இவ்வழக்கம் பெருநஷ்டத்திற்கு ஏதுவாகின்றது. பயிரைத் தின்பதும், அதனைப் பிடித்துண்பதும் ஒருங்கே மாய்க்கப்படுகின்றன.

இப்பிராணிகள் கணுக்காலிகள் என்னும் பெருவகுப்பைச் சேர்ந்தவை. இவற்றிற்கு உள்ளே எலும்பு இல்லை. கெட்டியான மேல்தோலே எலும்பின் வேலையைச் செய்கின்றது. கால்கள் கணுக்கணுவாக மடங்கும். மேல்தோல் உடலுடன் வளராததால், இளம்பிராணி அவ்வப்போது அதனைக் கழற்றிவிட்டுப் புதுத்தோல் பெறுகின்றது. நெல்தூரின் அடியில் இத்தகைய வெண்ணிறச் சட்டைகள் ஒட்டியிருக்கக் காணின், புகையான் குஞ்சுகள் வளர்வதாக ஐயுற்று உடனே தூரை விலக்கிப் பார்த்தல் வேண்டும்.

இனமறிய எளிய வழி கால்களை எண்ணுவதே. ஆறு கால்களும், தலை, மார்பு, வயிறு என மூன்று கூறுகளும் உடையவை பூச்சிகள். வெட்டுக்கிளி, புகையான், தேனீ, பொறிவண்டு ஆகியன இவ்வினத்தன. இவ்வகுப்பில் சிறகுடையவை பூச்சிகள் மட்டுமே. கம்பளிப்புழுவின் பின்னுடலில் காணும் தசைக்கால்கள் மெய்யான கால்கள் அல்ல. முன்புறமுள்ள மூன்று ஜோடிகளையே கணக்கிடல் வேண்டும்.

எட்டுக் கால்கள் உடையவை சிலந்தி, தேள், உண்ணி முதலியன. ‘எட்டுக்கால் பூச்சி’ என்று பெயரிட்டபோதே நம் முன்னோர் பாதிப் பாடத்தைச் சொல்லிவிட்டனர். இவ்வினத்தைச் சற்று விரிவாகக் காண்போம். விவசாயியின் நண்பனும் பகைவனும் இங்கே ஒரே பெயருடன் உறைகின்றன. நெல் வயலில் வலை பின்னாது ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 வரை பூச்சிகளை உண்ணும். புகையானும் அதன் இரையே. தாய்ச்சிலந்தி முட்டைப்பையை வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமந்தும் திரியும். புகையானைக் கண்டதும் ஆராயாமல் மருந்தடித்தால் இச்சிலந்திகள் மாளும். தாளின் உள்ளே இடப்பட்ட புகையான் முட்டைகளோ பெரும்பாலும் தப்பும். அவற்றினின்று வரும் குஞ்சுகள் தடுப்பாரின்றிப் பெருகி, முன்னிலும் மிகுதியாகப் பயிரைக் கருக்கும்.

வெண்டை, கத்திரி இலைகளின் அடியில் சாறு உறிஞ்சும் ‘செஞ்சிலந்தி’ உண்மையில் சிலந்தியன்று. உண்ணியின் சுற்றமான நுண்ணிய பிராணி. பூச்சிகளைக் கொல்லும் மருந்துகள் பல இதற்குப் பயன்படா. நனையும் கந்தகம் ஏற்றது. கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுப் பின் தமிழகத் தென்னைகளையும் பற்றிய ஈரியோபைட் இச்சுற்றத்ததாயினும் அதற்கு நான்கே கால்கள். கண்ணுக்குப் புலப்படாத அதனிடம் நமது எண்ணிக்கை செல்லாது. குரும்பையின் தொப்பிக்கடியில் தோன்றும் வெளிறிய முக்கோணத் திட்டே அதற்கு அடையாளம்.

வரப்பைத் துளைக்கும் நண்டிற்குக் கொடுக்குகள் உட்பட 10 கால்கள். இறால் அதன் இனமே. உடல் வளையமொன்றுக்கு ஒரு ஜோடிக் காலுடைய பூரான் நஞ்சுடையது. எனினும் பூச்சிகளைத் தின்பது. பெரும்பாலான வளையங்களில் இரண்டு ஜோடிகள் உடைய மரவட்டை மக்கிய இலைகளை உண்பது.

இனந்தெரியாத பிராணி திரளாகக் காணப்படின், கிராம அதிகாரிகள் நான்கைந்தைச் சாராயமிட்ட சிறு புட்டியில் இட்டு, பயிர், ஊர், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டுடன் வேளாண்மை அலுவலகத்திற்கு அனுப்புவாராக. மையெழுத்து சாராயத்தில் கரைந்துவிடும்.