எல்லைப்புறத்தில் லகரமும் ளகரமும்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. இரு மொழிகளிலும் லகர ளகரங்கள் உள. மராத்தியிலும் இரண்டும் உண்டு. பொது இந்தியில் லகரம் ஒன்றே. இவை மருங்கொலிகள், அஃதாவது, நா நடுவழியை அடைக்க, மூச்சு நாவின் பக்கங்களால் வெளியேறும். லகரத்திற்கு நாநுனி மேற்பல்லடியை ஒட்டிய ஈற்றைத் தொடும். ளகரத்திற்குப் பின்வளைந்து அண்ணத்தைத் தொடும். தெலுங்கில் வீட்டைக் குறிக்கும் 'இல்லு' பன்மையில் 'இள்ளு' ஆகும்.

ழகரமோ மருங்கொலியன்று. நா வளைந்தும் அண்ணத்தைத் தொடாது. மூச்சு நடுவே செல்லும். பண்டைத் தெலுங்குச் சாசனங்களில் இதற்குத் தனியெழுத்து இருந்தது. பின்னர் இவ்வொலி பெரும்பாலும் டகரமாயிற்று. தமிழ் 'ஏழு' தெலுங்கில் 'ஏடு'. ஆதலின் வீட்டில் தெலுங்கு பேசும் மாணவன் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால் அது சோம்பலன்று. தானறிந்த ஒலிகளுள் அண்மையானதைக் கொள்கிறான். (தமிழே பேசும் சிறுவர் பலரும் அவ்வாறே கூறுவர்.)

அவனைக் கடிவதினும் ஒரு சோதனை பயன்தரும். ஒலிக்கும் நிலையில் நாவை நிறுத்தி, வாயால் மூச்சை உள்ளிழுக்கச் செய்க. ளகர நிலையில் நாவின் பக்கங்கள் குளிரும். ழகர நிலையில் நடுப்பகுதி குளிரும். 'வால்', 'வாள்', 'வாழ்' என்னும் மூன்றையும் கொண்டு தொடங்குதல் எளிது.