வீட்டில் கணக்கு: வாங்கியதும், வாங்காமல் இருந்திருக்க வேண்டியதும்

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கணக்குக்கு என்ன வாங்குனீங்க?" தமிழுக்கும் அறிவியலுக்கும் யாரும் இப்படிப் பதறுவதில்லை. நான் எல்லோருக்கும் சொல்வது, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பது. எங்கள் வீட்டுப் பணம் 38,000 ரூபாய் போன பிறகு சொல்கிறேன், அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்வேன்.

உங்கள் நிலைமையும் எங்களுடையதைப் போலத்தான் இருக்கும். சிறுசேரியில் ஒரு சம்பளம், அதில் பாதி வாடகைக்கு. பள்ளிக் கட்டணம் ஒவ்வொரு வருஷமும் ஏறியது ஒரு பக்கம், பள்ளி பிள்ளையை நடத்திய விதம் இன்னொரு பக்கம். பகலில் ஒருவர் வீட்டில் இருப்பீர்கள். என் மகளை மூன்றாம் வகுப்பு முடித்ததும் நிறுத்தினோம். கணக்கு வராத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைக்கும் வகுப்பில் அவள் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்தாள். அந்த முடிவுக்காக நான் இன்றுவரை ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஆனால் என் நாத்தனார் கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "தமிழ் நீயே சொல்லித் தருவ, சரி. கணக்குக்கு என்னம்மா பண்ணுவ?" அந்தக் கேள்விக்குப் பதிலாக எதையாவது காட்டியாக வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றிவிட்டது. விற்பவர்களுக்கு இந்த அவசரம் நன்றாகத் தெரியும்.

நாங்கள் வாங்கியது ஒரு வெளிநாட்டுக் கணிதத் தொகுப்பு. நான்கு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் பாடநூல், பயிற்சிநூல், பெற்றோருக்கு வழிகாட்டி, வீடியோ, வண்ணக் கட்டைகள். ஒரு நிலையை மட்டும் வாங்கினால் முழு விலை, நான்கையும் சேர்த்து வாங்கினால் பெரிய தள்ளுபடி. ஒரு பாடத்தையாவது பிள்ளைக்கு நடத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று கேட்டோம். முடியாது என்றார்கள். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். இந்த இரண்டு நிபந்தனையையும் ஒரு விற்பனையாளர் சேர்த்துச் சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்டியைத் திறந்தால் காசுக் கணக்கு முழுக்க நிக்கலும் டைமும் குவார்ட்டரும். நீளத்துக்கு அங்குலம், அடி. எடைக்கு அவுன்ஸ், பவுண்டு. எண்களில் 100,000 என்று மூன்று மூன்றாகக் காற்புள்ளி வைத்திருந்தார்கள். லட்சம், கோடி என்று வளரும் பிள்ளைக்கு 1,00,000 என்று எழுதத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் நான் முதல் நாள் இரவு உட்கார்ந்து ரூபாய்க்கும் கிலோவுக்கும் மாற்றி எழுதினேன். பணமும் கொடுத்து வேலையும் செய்ய வேண்டுமென்றால் அந்தப் புத்தகம் எதற்கு?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சேதம் வேறு. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நான்காம் நிலை என்று சொல்லி அதிலேயே ஆரம்பிக்கச் சொன்னார்கள். அவளுக்கு 403-இலிருந்து 178-ஐக் கழிக்கக் கொடுத்தால் 375 என்று எழுதுவாள். நான்கில் ஒன்று போனால் மூன்று. பூஜ்ஜியமும் ஏழும் இருந்தால் ஏழு. மூன்றும் எட்டும் இருந்தால் ஐந்து. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள். சரியான விடை 225. வீடியோவை மறுபடி மறுபடி போட்டுக் காட்டினோம். கடன் வாங்கும் முறை அவளுக்கு மனப்பாடம் ஆயிற்று, ஆனால் எதிலிருந்து எதைக் கடன் வாங்குகிறோம் என்பது தெரியவில்லை. நடுவில் பூஜ்ஜியம் வந்தால் மறுபடியும் அதே தவறு. மாதங்கள் போயின. அவள் நோட்டை மறைக்க ஆரம்பித்தாள். பணத்தைவிட எனக்கு அந்த மாதங்கள்தான் இன்னும் ஆறவில்லை.

சிக்கல் எங்கே என்று கண்டுபிடித்தவர் பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவர். எங்கள் தெருவில் குடியிருந்தார். ஒரு மாலை வீட்டுக்கு வந்தபோது நோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒடித்து, பாப்பா முன்னால் போட்டார். "இதை எண்ணு கண்ணு" என்றார். அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். "இதுல எத்தனை பத்து இருக்கு?" என்றார். அவளால் சொல்ல முடியவில்லை. "நாலாங் கிளாஸ் புக்கை மூடி வைங்கம்மா. பாப்பா ரெண்டாங் கிளாஸ்ல, பத்து கட்டுற இடத்துலயே நிக்குது" என்றார். அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. தொகுப்பை விற்றவர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது.

அவர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை, அரசுப் பள்ளிகளில் அன்றாடம் நடப்பதைத்தான் செய்தார். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வயதைப் பார்த்தல்ல, என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். பயிற்சி நூலும் அந்த நிலைக்கு ஏற்றபடிதான். அதற்கு முன்னால் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலிலும் பிள்ளை தன் படியில் நின்றுதான் அடுத்த படிக்குப் போனது. ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் அரசுப் பள்ளி என்றால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் அந்தப் பள்ளியில்தான் இருந்தார்.

ஆகவே முதல் வேலை, இரண்டு வகுப்பு கீழே போய்ப் பார்ப்பது. மூன்றாவது முடித்த பிள்ளை என்றால் முதல் வகுப்புப் புத்தகத்திலிருந்தே கேளுங்கள். பத்தாகக் கட்டத் தெரிகிறதா, கட்டை அவிழ்க்கத் தெரிகிறதா, 70 எங்கே, 17 எங்கே என்று தெரிகிறதா. பெருக்கல் வாய்ப்பாடு வேகமாகச் சொல்வதை வைத்து ஏமாறாதீர்கள்.

ஈர்க்குச்சியே எங்களுக்குப் பல மாதங்கள் போதுமானதாக இருந்தது. பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு, பத்துக் கட்டுக்கு ஒரு நூல் கயிறு. 403 என்றால் நான்கு பெரிய கட்டு, மூன்று உதிரிக் குச்சி. அதிலிருந்து 178 எடுக்க வேண்டுமென்றால் பெரிய கட்டு ஒன்றை அவிழ்த்தே ஆக வேண்டும். வரும் பத்துச் சின்னக் கட்டில் ஒன்றை மறுபடி அவிழ்க்க வேண்டும். பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கடன் வாங்குவது என்று காகிதத்தில் குழப்பிய விஷயம், கையால் இரண்டு கட்டுகளை அவிழ்த்ததும் அவளுக்குப் புரிந்தது. 1939-இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரியின் தங்க மணிகளிலும் இதே தத்துவம்தான்: தனி மணி, பத்து மணிக் கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். அந்த மணிகள் அழகானவை, விலையும் அதற்கேற்ப. அவற்றில் பத்தை அவிழ்க்க முடியாது, ஒரு கம்பியைக் கொடுத்துப் பத்து மணியை மாற்றி வாங்கத்தான் முடியும். தடுமாறுகிற பிள்ளைக்கு அவிழ்ப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

குச்சியிலிருந்து காகிதத்துக்கு வரும்போது கட்டம் போட்ட நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். கேளம்பாக்கத்தில் ஒவ்வொன்றாக வாங்குவதைவிட, பாரிமுனைப் பக்கம் போகிற வேலை இருந்தால் ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கிவிடலாம்.

பின்னத்துக்கு நாங்கள் எதையும் வாங்கவில்லை. என் மாமியார் மதுராந்தகத்திலிருந்து கொண்டுவந்த படிகள் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. உரி அரிசியும் உழக்கு அரிசியும் சேர்ந்தால் ஆறு ஆழாக்கு. படிக்கு எட்டு ஆழாக்கு என்பதால் அது முக்கால் படி. அரையும் காலும் சேர்ந்து முக்கால் ஆவதை அவள் அரிசியை ஊற்றியே பார்த்தாள். பாட்டிக்கும் பேத்திக்கும் அது ஒரு வேலையாகவும் ஆயிற்று. மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்றுக்கு இது உதவாது. அதற்குக் காகித நாடாவை மடித்துக் கிழிப்பதுதான் வழி.

பரப்பளவையும் சுற்றளவையும் கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளங்களைப் பார்த்தபடி படித்தோம். வரப்பின் நீளம் சுற்றளவு, உப்பு விளையும் இடம் பரப்பளவு. வீட்டுக்கு வந்து கட்ட நோட்டில் வரைந்தாள். 20 கட்டம் வரப்பு என்றால் 5-க்கு 5 பாத்தியில் 25 கட்டம் விளைச்சல், 8-க்கு 2 பாத்தியில் 16 கட்டம்தான். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்களுக்கு இந்தப் பக்கம்தான் வீடு என்பதால் ஒரு மாலை போய்வருவது சிரமமில்லை.

பி. கே. சீனிவாசனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், ராமானுஜன் நினைவுத் தொகுதிகளைக் கொண்டுவந்தவர், 1993-இல் ராயபுரத்தில் உருவான ராமானுஜன் அருங்காட்சியகத்துக்கு உழைத்தவர். நாட்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு சொல்லித்தர ஒரு சிறு புத்தகமே எழுதினார். மளிகைக் கடையில் இலவசமாகத் தந்த மாதக் காலண்டரை எடுத்து, எந்த இடத்திலாவது மூன்றுக்கு மூன்று சதுரம் போடுங்கள். உள்ளே இருக்கும் ஒன்பது எண்களின் கூட்டல் நடு எண்ணைப்போல் ஒன்பது மடங்கு. நடுவில் 16 இருந்தால் 144. இரண்டுக்கு இரண்டு சதுரத்தில் எதிரெதிர் மூலைகளைப் பெருக்கிக் கழித்தால் எப்போதும் 7. ஏன் 7 என்று என் மகள் கேட்ட அன்று எங்கள் வீட்டில் அல்ஜீப்ரா தொடங்கியது.

புத்தகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்று, என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் ஒன்று, இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அச்சுப் புத்தகமாக வாங்கினாலும் என்.சி.இ.ஆர்.டி. தொடக்க வகுப்புக் கணக்குப் புத்தகம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் முறை சீராக வரும், சிந்திக்க வைக்கும் கணக்குகளுக்கு மற்றது. என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய ஐந்தாம் வகுப்பு 'மேத் மேஜிக்' கிடைத்தால் விடாதீர்கள். அதன் முதல் பாடமே மீனவர்களையும் படகுகளையும் மீன் விலையையும் வைத்து எழுதப்பட்டது. கோவளத்துக் கரையில் நின்று நடத்தலாம். இப்போது புதிய வரிசை வந்திருக்கிறது, 2024-இல் மூன்றாம் வகுப்புக்கு 'மேத்ஸ் மேளா', ஆறாம் வகுப்புக்கு 'கணித பிரகாஷ்'. பெற்றோரான நமக்கு வேண்டியது, 2012 முதல் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்திலிருந்து வரும் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இதழில் பத்மப்ரியா ஷிராலி எழுதும் இணைப்புப் பகுதிகள். இடமதிப்பு, பின்னம் என்று ஒவ்வொன்றையும் எப்படிக் கொண்டுபோவது என்று படிப்படியாகச் சொல்கிறார். அதுவும் இலவசம்தான்.

அபாகஸ் வகுப்புக்கு அனுப்பச் சொல்லி எங்கள் பிளாட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள், நாங்கள் அனுப்பவில்லை. கட்டை அவிழ்க்கத் தெரியாத பிள்ளைக்கு வேகம் எதற்கு? தேசிய அளவில் 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வடிவமைப்புக்காகக் கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கிய சென்னைக் கணித அறிஞர் ரா. ராமானுஜத்தின் அறிக்கையும் முதல் சிக்கலாகக் குறிப்பிட்டது பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கு பற்றி இருக்கும் பயத்தையும் தோல்வி உணர்வையும்தான். என் மகளுக்கு அந்தப் பயம் போனதே எனக்குப் போதும். அவள் இன்றும் மெதுவாகத்தான் கணக்குப் போடுகிறாள், ஆனால் நோட்டை மறைப்பதில்லை.

எந்தப் பாடநூல் என்று கடைசியாக முடிவு செய்வது தேர்வை வைத்து. பன்னிரண்டரை வயது முடிந்தால் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு மாநிலப் பாடநூல்தான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாவது எழுதுவதென்றால் குறைந்தது 14 வயது, அவர்களுடைய புத்தகமே தனி. இதை ஐந்தாம் வகுப்பு வரை யோசிக்கவே வேண்டாம். நாத்தனார் கேட்டால் இந்த இரண்டு வழியையும் சொல்லுங்கள், பெட்டியைக் காட்டத் தேவையிருக்காது.

ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் கையை இறுக்காதீர்கள், அது காம்பஸ். விலை குறைந்த பெட்டிகளில் வரும் காம்பஸுக்கு மூட்டு தளர்ந்திருக்கும்; வட்டம் தொடங்கிய இடத்தில் முடியாது. தன் கணக்குத்தான் தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கடையிலேயே பென்சிலைச் செருகி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், கோடு கோட்டோடு சேர்ந்தால் வாங்குங்கள்.