தட்டைப் பிரித்தீர்கள், தடுப்பூசி போட்டீர்களா?

"டாக்டர், அவளுக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டோம்." மருமகளுக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்ததும் மாமியார்கள் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். மாறிவிடக் கூடாதென்று டம்ளரின் அடியில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்த வீடுகளும் உண்டு. மகனுக்கு ரத்தம் பரிசோதித்தீர்களா என்று கேட்டால், "அவன் நல்லாத்தானே இருக்கான்" என்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். சேர்ந்து சாப்பிட்டால் இந்த வைரஸ் பரவாது. கட்டியணைத்தால் பரவாது, இருமினாலும் பரவாது. அசுத்தத் தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை ஏ, இ வகை வைரஸ்களின் வேலை. பி வகை இருப்பது ரத்தத்தில், விந்தில், பெண்ணுறுப்பின் திரவத்தில். உடலுறவில் இருவரில் யாரிடமிருந்தும் மற்றவருக்குப் போகும். எச்ஐவியைவிட 50 முதல் 100 மடங்கு எளிதாகத் தொற்றும். காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது 7 நாள் தாக்குப்பிடிக்கும். தனியாக வைக்க வேண்டியவை ரேஸர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. தட்டல்ல!

நல்லாத்தான் இருக்கிறார் என்பதற்கும் அர்த்தமில்லை; பலருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது. அந்தப் பெண்ணின் நடத்தையைச் சந்தேகிப்பதையும் நிறுத்துங்கள்; அவளுக்கு இது பிறக்கும்போதே வந்திருக்கலாம். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு அது நாள்பட்டுத் தங்கிவிடுகிறது. பெரியவர்களாகித் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவு.

கணவருக்குத் தொற்றும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி போடுங்கள்: இன்று ஒன்று, 1 மாதத்தில் ஒன்று, 6 மாதத்தில் ஒன்று. கடைசி ஊசிக்குப் பின் ஓரிரு மாதத்தில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். அதுவரை ஆணுறை.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. கொசு இதைப் பரப்பாது. கீழாநெல்லி இதைக் குணப்படுத்துமா என்பது பற்றி 1988இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது; பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. வேறு வைரஸான ஹெபடைடிஸ் சி தம்பதிகளுக்குள் அரிதாகவே பரவும். பெரும்பாலோருக்கு மாத்திரையிலேயே குணமாகிறது. கூட்டுமருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடிக்கும் எச்ஐவி நோயாளியிடமிருந்து உடலுறவில் தொற்று பரவாது.

மருத்துவமனைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் வந்தால், பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போடத் திட்டமிடுகிறோம். நல்லது. அவர் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நிற்கும் கணவரையும் அன்றே உள்ளே கூப்பிட்டு ரத்தம் எடுங்கள்.