முதல் கம்ப்யூட்டர் படுத்தால் இரண்டாவது கை கொடுக்குமா?

பேக் அப் பற்றி கம்ப்யூட்டர் வாங்கிய அனைவருக்கும் ஓரளவு தெரியும். பைல்களை பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்து பத்திரமாக வைப்பது. ஸ்டான்ட்பை டேட்டாபேஸ் என்பது அதற்கு அடுத்த படி. ஒரு கம்ப்யூட்டரில் நீங்கள் பதியும் கணக்கு, சில நொடிகளில் இன்னொரு கம்ப்யூட்டரிலும் தானாகவே பதிவாகிவிடும். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவதை வைத்து வேலையைத் தொடரலாம். இது வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் மட்டுமே உரிய சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகிய இரண்டு டேட்டாபேஸ் புரோகிராம்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு சாதாரண கம்ப்யூட்டர்களும் அவற்றை இணைக்கும் ஒரு நெட்வொர்க்கும் போதும்.

இதனை அமைப்பது பெரிய வித்தை இல்லை. அமைத்த பின்னர், இரண்டாவது கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் பின்தங்கிப் போவதுதான் தலைவலி. அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

எங்கள் சாமளாபுரம் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் கூலிக்கு நெய்து துணியாகத் திருப்பித் தருவார். பாவு எத்தனை போனது, நூல் எத்தனை கிலோ போனது, துணி எத்தனை மீட்டர் வந்தது என்ற கணக்கு இரு தரப்புக்கும் உயிர். கூலி அதை வைத்துத்தான். இந்தக் கணக்கு முழுவதும் ஆபீஸில் உள்ள ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதற்கு ஸ்டான்ட்பையாக இன்னொன்று பக்கத்து அறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை கூலி போடும் நேரத்தில் முதல் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இரண்டாவதைத் திறந்தால், அதில் கணக்கு செவ்வாய்க்கிழமையோடு நிற்கிறது. நான்கு நாள் நெய்த துணிக்கு யார் சாட்சி?

செவ்வாய்க்கிழமை ஏன் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள, ஸ்டான்ட்பை எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் டேட்டாபேஸ் முழுவதும் ஒரு முறை இரண்டாவது கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யப்படும். அதன் பின்னர் முழு டேட்டாபேஸும் மீண்டும் மீண்டும் பயணம் செய்வதில்லை. முதல் கம்ப்யூட்டர், தான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நாட்குறிப்பு போல வரிசையாக எழுதி வைக்கும். இதற்கு மைஎஸ்க்யூஎல்லில் பைனரி லாக் என்று பெயர். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் வால், ஆரக்கிளில் ரீடூ லாக். இந்த லாக் மட்டுமே இரண்டாவது கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே அது வரிசை தவறாமல் மீண்டும் நிகழ்த்தப்படும். ஆக, வேலை இரண்டு: லாக் வந்து சேர்வது ஒன்று, வந்த லாக்கைப் பதிவது இன்னொன்று. பின்தங்கல் என்றால் இந்த இரண்டில் ஒன்று நின்றிருக்கிறது அல்லது மெதுவாக நடக்கிறது. எது என்று தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் ஸ்டான்ட்பை கம்ப்யூட்டரில் 'ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையைக் கொடுத்திடவும். (பழைய பதிப்புகளில் ரெப்ளிகா என்பதற்குப் பதில் ஸ்லேவ் என்று இருக்கும்.) நீண்ட பட்டியல் ஒன்று கிடைக்கும். அதில் 'ரெப்ளிகா ஐஓ ரன்னிங்', 'ரெப்ளிகா எஸ்க்யூஎல் ரன்னிங்' என்ற இரண்டு வரிகளை மட்டும் முதலில் பாருங்கள். முதல் வரி லாக் வந்து சேர்வதைக் காட்டுகிறது. இரண்டாவது வரி பதிவதைக் காட்டுகிறது. இரண்டிலும் 'எஸ்' என்று இருக்க வேண்டும். பலரும் இவற்றை விட்டுவிட்டு, 'செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்' என்ற எண்ணைப் பார்த்து, அது பூஜ்யமாக இருந்தால் நிம்மதி அடைந்து விடுகிறார்கள். வந்து சேர்ந்த லாக்கில் எவ்வளவு பதியப்படாமல் பாக்கி இருக்கிறது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. நெட்வொர்க் மந்தமாக இருந்து லாக்கே தாமதமாக வந்தால், பூஜ்யம் காட்டிக்கொண்டே ஸ்டான்ட்பை பின்தங்கி இருக்கும். வாய்க்கால் அடைத்துக்கொண்டதைப் பார்க்காமல், வந்த தண்ணீர் எல்லாம் குளத்தில் சேர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான்.

லாக் வந்து சேரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. கேபிள் கழன்றிருக்கும். ரவுட்டரை ஆப் செய்து ஆன் செய்ததில் கம்ப்யூட்டரின் ஐபி முகவரி மாறியிருக்கும். பாஸ்வேர்டை யாராவது மாற்றியிருப்பார்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்திருக்கும். கடைசியில் சொன்ன இதனை நான் முதலில் பார்ப்பேன். ஒரு நிமிட வேலை.

பதிவது நின்றிருந்தால், 'லாஸ்ட் எஸ்க்யூஎல் எரர்' என்ற வரியில் காரணம் எழுதப்பட்டிருக்கும். 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று வந்தால், யாரோ ஸ்டான்ட்பை கம்ப்யூட்டரிலேயே நேரடியாக ஒரு பில் போட்டிருக்கலாம். அதே எண்ணுள்ள பில் முதல் கம்ப்யூட்டரில் இருந்து வரும்போது இரண்டும் மோதி, பதிவு நின்றுவிடும். அந்த ஒரு வரியைத் தாண்டிப் போகச் சொல்லும் வசதியும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டம் தொடரும், உண்மைதான். ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் கணக்கு வேறு வேறாகிவிடும். அதன் பிறகு ஸ்டேட்டஸில் எல்லாமே 'எஸ்' என்று வந்தாலும் நம்ப முடியாது. முளையிலேயே தடுக்க, ஸ்டான்ட்பையில் 'சூப்பர் ரீட் ஒன்லி' என்ற செட்டிங்கை ஆன் செய்து வைத்திடவும். பிறகு அங்கே பில் போட முடியாது.

லாக்கில் இடைவெளி

இனி கடினமான பகுதி. முதல் கம்ப்யூட்டர் பழைய லாக்குகளை எப்போதும் வைத்துக்கொண்டிருக்காது. மைஎஸ்க்யூஎல் 8.0 தொடங்கி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், 30 நாட்களில் அவற்றை அழித்துவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இன்னும் சீக்கிரமாக அழிக்கும். ஸ்டான்ட்பை ஒன்றரை மாதம் ஆப் ஆகிக் கிடந்தால், அதற்குத் தேவையான பக்கங்கள் நாட்குறிப்பிலிருந்து கிழிக்கப்பட்டிருக்கும். நடுவில் சில பக்கம் இல்லாமல் தொடர்ந்து பதிய முடியாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் 2014ல் வந்த 9.4 பதிப்பில் ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்ற வசதி சேர்ந்தது. ஸ்டான்ட்பை வாங்கிக்கொள்ளும் வரை லாக் அழிக்கப்படாது. நல்லதுதான். ஆனால் ஸ்டான்ட்பை பல நாள் வராவிட்டால், லாக் குவிந்து முதல் கம்ப்யூட்டரின் டிஸ்க்கே நிறைந்து அதுவும் நின்றுவிடும். எனவே 2020ல் வந்த 13ம் பதிப்பில் இதற்கு ஓர் உச்சவரம்பு வைக்கும் செட்டிங் தரப்பட்டது. ஸ்லாட் வைப்பவர்கள் அதையும் சேர்த்தே வைத்திடவும்.

இடைவெளி விழுந்து, அந்த லாக் பேக் அப்பிலும் இல்லை என்றால், ஒரே வழிதான்: ஸ்டான்ட்பையைக் காலி செய்துவிட்டு முழு டேட்டாபேஸையும் மறுபடி காப்பி செய்வது. இங்கேதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன.

2017 ஜனவரி 31ல் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பாருங்கள். சர்வரில் வேலைப்பளு திடீரென்று கூடியதால் ஸ்டான்ட்பை பின்தங்கியது. தேவையான லாக் முதல் சர்வரில் அழிந்துபோனது. முழு காப்பி எடுக்க ஸ்டான்ட்பையைக் காலி செய்தார்கள். காப்பி எடுக்கும் புரோகிராம் எந்தத் தகவலும் காட்டாமல் அப்படியே நின்றது. ஸ்டான்ட்பையின் போல்டரில் ஏதோ மிச்சம் இருப்பதுதான் காரணம் என்று எண்ணி, பொறியாளர் ஒருவர் அதை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஆனால் அவர் அப்போது திறந்து வைத்திருந்தது முதல் சர்வரின் விண்டோ. ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினாலும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். சரி, தினசரி பேக் அப் இருக்குமே என்கிறீர்களா? பேக் அப் எடுக்கும் புரோகிராமின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாததால், பேக் அப் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்ல வேண்டிய இமெயில்களும் ஏற்கப்படாமல் திருப்பப்பட்டிருந்தன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு காப்பிதான் காப்பாற்றியது. நிறுவனம் இவை அனைத்தையும் மறைக்காமல் வெளியிட்டது. படிக்கும் நமக்கு அது பெரிய உதவி.

இதனால்தான் இரண்டு கம்ப்யூட்டர்களிலும் டெஸ்க்டாப் வால்பேப்பரை வேறு நிறத்தில் வைக்கச் சொல்வேன். முதலாவது சிவப்பு, ஸ்டான்ட்பை பச்சை. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம், செலவில்லை. அத்துடன், காலி செய்ய வேண்டிய போல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைத்திடவும். புதிய காப்பி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பின்னர் அழித்துக்கொள்ளலாம்.

எப்போது மாறுவது?

நம் மாநிலத்துக்கும் தொடர்புள்ள ஒரு நிகழ்ச்சி இது. தேசிய பங்குச் சந்தையின் முக்கிய சர்வர்கள் மும்பையில் உள்ளன. தொலைதூர மாற்று மையம் நம் சென்னையில். 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தொலைத்தொடர்பு இணைப்புகளில் கோளாறு ஏற்பட்டு, காலை 11.40க்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது மாலை 3.45க்கு, அன்று 5 மணி வரை நடந்தது. ஏன் மாற்று மையத்துக்கு மாறவில்லை என்று செபி விளக்கம் கேட்டது. அடுத்த மாதமே, கோளாறு ஏற்பட்ட 30 நிமிடங்களுக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடங்களுக்குள் மாற்று மையத்தில் இயங்க வேண்டும் என்று விதி வகுத்தது. 2024 மார்ச் 2, சனிக்கிழமை, இதற்கென்றே சிறப்பு வர்த்தகம் நடந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை மும்பை சர்வர்களில், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்தில். மாறிப் பார்க்காத ஸ்டான்ட்பையை நம்ப முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மாறும்போது ஒன்றில் கவனம் தேவை. கரண்ட் போய் ஸ்டான்ட்பைக்கு மாறிவிட்டீர்கள். கரண்ட் வந்ததும் பழைய கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆகி, தானே முதலாவது என்று எண்ணி பில்களை வாங்கத் தொடங்கினால்? இரண்டிலும் வெவ்வேறு கணக்கு ஓடும். 2018 அக்டோபர் 21ல் கிட்ஹப் நிறுவனத்தில் நெட்வொர்க் 43 நொடிகள்தான் துண்டிக்கப்பட்டது. அதற்குள் தானாக மாறியதில் இரு பக்கமும் மற்றொன்றில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சரிசெய்து முடிக்க 24 மணி நேரம் 11 நிமிடங்கள் ஆயின. எனவே ஸ்டான்ட்பைக்கு மாறியவுடன் பழைய கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடவும். அதைத் திரும்பச் சேர்க்கும்போது, புதிய ஸ்டான்ட்பையாக முழு காப்பி எடுத்தே சேர்க்கவும்.

ஸ்டான்ட்பை இருக்கிறதே என்று பேக் அப்பை நிறுத்திவிட வேண்டாம். முதல் கம்ப்யூட்டரில் ஒரு தறிக்காரரின் கணக்கைத் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பும் லாக்கில் ஏறி, சில நொடிகளில் ஸ்டான்ட்பையிலும் அழிந்துவிடும். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுக்கும் தினசரி காப்பிதான் அப்போது உதவும்.

வாரம் ஒரு முறை, கூலி போடுவதற்கு முன், இரண்டு கம்ப்யூட்டர்களிலும் கடைசி பில் எண்ணையும், அந்த வாரம் வந்த துணியின் மொத்த மீட்டரையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பில் எண் ஒன்றாக இருந்து மீட்டர் மட்டும் வேறுபட்டால், நடுவில் எங்கோ ஒரு பதிவு தாண்டப்பட்டிருக்கிறது என்று பொருள். நாள்வாரியாக மீட்டரைக் கூட்டிப் பார்த்தால் எந்த நாள் என்று தெரிந்துவிடும்.