ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

பதுளை.

அன்பு மருமகனுக்கு, மாமா எழுதுவது.

நீ தேயிலை ஸ்டோரில், அதுதான் தொழிற்சாலையில், உதவி டீமேக்கராகச் சேர்ந்துவிட்டதாக உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம். சேர்ந்த கையோடு எல்லாவற்றையும் திருத்திவிட வேண்டும் என்று துடிக்கிறாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

திட்டமிடு, செய், சரிபார், நிலைநிறுத்து என்ற நான்கு படிச் சுற்றைப் பயிற்சியில் படித்திருப்பாய். அதற்கு அமெரிக்கரான ஷுஹார்ட் அடித்தளம் போட்டார். அவரைப் பின்பற்றிய டெமிங் 1950இல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாடு படிப்பித்தார். அங்குள்ள தொழிற்சாலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. நான்கு படிகளையும் எழுதிச் சுவரில் ஒட்டுவது சுலபம். தேயிலை ஸ்டோரில் அதை நடத்துவதுதான் வேலை.

கொழுந்து சிவந்து வருகிறது என்று வை. உடனே பறிக்கும் பெண்களைக் குறை சொல்லாதே. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய், கட்டிவைத்த சாக்கின் நடுவில் கையை விட்டுப் பார். சுடுகிறதா? அழுத்தி அடைத்திருப்பார்கள், அல்லது லொறி வரும்வரை வெயிலில் கிடந்திருக்கும். பறித்த பிறகும் இலை மூச்சு விடும், அதில் சூடு பிறக்கும். நெருக்கினால் அந்தச் சூடு வெளியேறாது. நசுங்கிய இலை ஸ்டோருக்கு வருமுன்பே சிவந்துவிடும். பிறகு எவ்வளவு பக்குவமாக வாட்டினாலும் பழைய நிலைக்கு வராது.

ஆகவே தோட்டத்தின் ஒரு டிவிஷனில் மட்டும் சாக்கைத் தளர்வாகக் கட்டச் சொல். இன்னொன்று பழையபடி இருக்கட்டும். இரண்டிலிருந்தும் தினமும் கால் கிலோ எடுத்து, நல்லது வேறு, சிவந்தது வேறாகப் பிரித்து, நிறுத்து, கொப்பியில் எழுது. சாக்கு, லொறி நேரம், வாட்டும் நேரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று யாருக்கும் தெரியாது.

பழைய முறையில் ஒரு டிவிஷனை விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் ஏறும். ஜூனில் நீ ஒன்றை மாற்றி, ஆகஸ்டில் தேயிலையின் மணம் கூடினால், அது உன் கெட்டித்தனமா, கச்சானின் வேலையா? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு டிவிஷன் இல்லாவிட்டால், காற்றுக்குச் சேரவேண்டிய பேரை நீ எடுத்துக்கொள்வாய்.

பலன் தெரிந்தால் எல்லா டிவிஷனுக்கும் கொண்டு போ. அதற்குக் கூடுதல் சாக்கு வேண்டும், லொறி இன்னொரு நடை வரவேண்டியிருக்கும். அதைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கு. அதை விட்டுச் சிவந்த கொழுந்துக்கு நிறையில் வெட்டுவது தரத் திருத்தம் அல்ல, பறித்தவளின் சம்பளத்தில் கைவைப்பது.

கங்காணியையும் பறிக்கும் பெண்களையும் கூப்பிட்டுக் கொப்பியைக் காட்டு. அடுத்து எதை மாற்றலாம் என்று அவர்களிடமே கேள். அடுத்த சுற்றை அங்கிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் மாமா