முகவரியில்லாக் கமரா

நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில், இலயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி இன்மையால் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வந்தமையை நாம் அறிவோம். இணையக் கமராவின் நிலையும் அதுவே. நான்காம் பதிப்பு இணைய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. ஆதலின் வீட்டுக் கருவிகள் யாவும் திசைவியின் ஒரே முகவரிக்குள் ஒடுங்குகின்றன. வெளியிலிருந்து அழைப்போர் கமராவை எட்டவியலாது.

இதற்கெனத் திசைவியில் வாயில் திறந்துவைப்போர் உளர், பேதைமை என்போம். வெளியார் எட்டத்தக்கனவாய், தொழிற்சாலைக் கடவுச்சொல்லே மாறாதிருந்த கமராக்களையும் திசைவிகளையும் 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல் அடிமை கொண்டது.

முகில் முறையிலோ கமராவே முதலிற் சேவையகத்தை அழைக்கின்றது. அழைத்த கருவி எதுவெனத் திசைவி குறித்துவைத்து, மறுமொழியை அதனிடமே உய்க்கும். அவ்விணைப்பு அறாதிருக்க, காட்சியும் கட்டளையும் அதன்வழியே செல்லும். மேலேற்றும் வேகம் குன்றின் படம் தடைப்படும். ஆங்கு அசைவு தோன்றும்போது மட்டும் அனுப்புமாறு அமைக்கலாம்.