வடதுருவத்தை ஒட்டி ஒரு குறுக்குவழி

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? உலகப்படத்தில் கோடு போட்டு அளந்தால் கணக்கு ஒத்துவரவில்லையே?

பதில்: தட்டையான படத்தை மூடி வைத்துவிட்டு, பூமி உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில்; நியூயார்க் மேற்கே 74 பாகையில். ஏறக்குறைய நேரெதிர்! அதனால் நூல் வடதுருவத்தை ஒட்டியே செல்லும். நீளம் சுமார் 15,300 கி.மீ.

விமானங்கள் அந்த நூலின் மேலேயே பறப்பதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. பசிபிக் மீது மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்மட்டக் காற்றோட்டம் சில நாட்களில் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அது முதுகில் தள்ளினால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். பாதையை அன்றன்றைய காற்றைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

மணிக்கு 900 கி.மீ. வீதம் வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்து பயண அட்டவணையில் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரகத்தை 2018 முதல் பயன்படுத்துகிறது. இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

நேர வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. நள்ளிரவில் கிளம்பினால் அதே தேதி காலையிலேயே இறங்கிவிடுவீர்கள். உட்கார்ந்தே இருக்காமல் அவ்வப்போது எழுந்து நடங்கள்.